'டைம்' என்ற ஒரு சொல்லுக்கு ஸ்பானிஷில் எதைப் போடுவது: தியெம்போவா, ஓராவா, பேஸா?

ஒரு எக்செல் தாள், முந்நூற்றுச் சொச்சம் வரிகள். டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்யும் ஒரு செயலியில் வருகிற சொற்கள் எல்லாம் இடது பக்கம் ஆங்கிலத்தில் இருக்கின்றன, வலது பக்கம் ஸ்பானிஷுக்காகக் காலியாக விட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட கடைசியில் ஒரு வரியில் ஒற்றைச் சொல்: 'டைம்'. அக்கம்பக்கத்து வரிகளைப் பார்த்தாவது இடம் புரியுமா என்றால், யாரோ புண்ணியவான் தாளை ஆங்கில அகர வரிசையில் அடுக்கிவிட்டார், அதனால் மேலே 'தேங்க் யூ', கீழே 'டுடே'. கை தானாகத் தியெம்போ என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து, பொகோட்டாவில் உட்கார்ந்து செயலியைச் சோதித்துப் பார்த்த பெண்மணியிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது: "தேதி கேட்டீர்கள், போட்டுவிட்டேன். அடுத்த கட்டத்தில் என்ன வேண்டும், மழையா வெயிலா?"

கிண்டல்தான், ஆனால் நியாயமான கிண்டல். தியெம்போ என்றால் நேரம், அதே சொல்லுக்கு வானிலை என்றும் பொருள். தேதிக்குப் பக்கத்தில் பத்தரை, பதினொன்று என்று நிரப்ப வேண்டிய கட்டத்துக்கு ஸ்பானிஷில் ஓரா என்றுதான் போட வேண்டும், வேறு எதுவும் பொருந்தாது. இது எனக்குத் தெரியாததில்லை. யாராவது வாயால் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சரியாகச் சொல்லியிருப்பேன். தனிச் சொல்லாக வந்தபோதுதான் சறுக்கினேன், ஏனென்றால் மண்டைக்குள் 'டைம் என்றால் நேரம், நேரம் என்றால் தியெம்போ' என்று ஒரு வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஒரு மூட்டை. நாமும் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டோம்: "டைம் என்ன?", "டைம் இல்லப்பா", "நாலு டைம் சொல்லிட்டேன்", "அவருக்கு இப்ப நல்ல டைம்". நாலும் நாலு வெவ்வேறு விஷயம், நாலுக்கும் ஒரே டைம். ஆனால் கொஞ்சம் நின்று நல்ல தமிழில் சொல்லிப் பார்த்தால் மூட்டை தானாக அவிழ்ந்துவிடுகிறது: மணி என்ன, நேரம் இல்லை, நாலு தடவை சொன்னேன், நல்ல காலம். ஸ்பானிஷும் கிட்டத்தட்ட இதே இடங்களில்தான் பிரிக்கிறது. அதனால் ஆங்கிலத்திலிருந்து நேராக ஸ்பானிஷுக்குப் போகாமல், நடுவில் தமிழில் ஒரு கேள்வியாக மாற்றிப் பார்ப்பது எனக்குக் கைகொடுக்கிறது. பதில் "எத்தனை மணிக்கு?" என்பதற்கா, "எவ்வளவு நேரம்?" என்பதற்கா, "எத்தனை தடவை?" என்பதற்கா? முதலாவது ஓரா, இரண்டாவது தியெம்போ, மூன்றாவது பேஸ். பெரும்பாலான இடங்களில் இதுவே போதும். போதாத இடங்கள்தான் சுவாரசியம், அதற்கு வருகிறேன்.

முதலில் தியெம்போ. இது செலவாகிற நேரம்: இருக்கும், இருக்காது, மிச்சமாகும், வீணாகும், கொல்லவும் செய்யலாம். நேரமில்லை, நேரத்தை வீணாக்காதே, அதற்கு ரொம்ப நேரம் பிடிக்கும், எல்லாமே தியெம்போ. நேரம் பணத்துக்குச் சமம் என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1748-ல் எழுதினார், ஆங்கிலம் அதைப் பிடித்துக்கொண்டது. ஸ்பானிஷ்காரர்களோ 'எல் தியெம்போ எஸ் ஓரோ' என்கிறார்கள், அதாவது நேரம் தங்கம். நம்மூர்ப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்கும் 'காலம் பொன் போன்றது' அதேதான். இன்னொன்றும் பாருங்கள், ஸ்பானிஷில் பொழுதுபோக்குக்குப் பாசாதியெம்போ என்று பெயர். 'பாசா' என்றால் கடத்துவது, போக்குவது. பொழுது, போக்கு என்று நாம் சேர்த்த அதே இரண்டு துண்டுகள், முன்னும் பின்னுமாக மாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இலக்கணத்தில் இறந்தகாலம், நிகழ்காலம் என்று நாம் சொல்கிற காலமும் அங்கே தியெம்போதான். கால்பந்தாட்டத்தில் முதல் பாதி, இரண்டாம் பாதி என்பதை அர்ஜென்டினாவிலும் மெக்சிகோவிலும் முதல் தியெம்போ, இரண்டாம் தியெம்போ என்பார்கள். ஸ்பெயினில் அதற்குப் 'பார்த்தே', பகுதி என்று வைத்திருக்கிறார்கள். வானிலைக்கு லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் 'க்ளீமா' என்ற சொல்லும் ஓடுகிறது, ஆனாலும் 'நல்ல தியெம்போ அடிக்கிறது' என்றால் எல்லா நாட்டிலும் வெயில் இதமாக இருக்கிறது என்றே புரிந்துகொள்வார்கள். செயலிக்கு மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: தியெம்போ என்ற சொல்லைத் தனியாகத் திரையில் விட்டால் படிப்பவர் மனதில் முதலில் மேகப் படம் வந்து நிற்க வாய்ப்பு அதிகம். ஓட்டப் பயிற்சிச் செயலியில் எவ்வளவு நேரம் ஓடினீர்கள் என்று காட்டும் இடத்தில் தியெம்போ போடலாம், குழப்பம் வராது, ஏனென்றால் கீழேயே 32:10 என்று எண் இருக்கும். எண் இல்லாத வெற்றுக் கட்டம் என்றால் நான் 'துராசியோன்', அதாவது கால அளவு என்று போட்டுவிடுவேன். கொஞ்சம் விறைப்பான சொல்தான், ஆனால் யாரும் மழையா என்று கேட்க மாட்டார்கள்.

ஓராவுக்கு வருவோம். எழுதும்போது முன்னால் 'எச்' என்ற எழுத்து இருக்கும், வாயில் வராது. நம் பஞ்சாங்கத்தில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று போட்டிருக்குமே, சூரிய உதயத்திலிருந்து ஒவ்வொரு மணி நேரமாக எண்ணுவார்களே, அந்த ஓரையும் இந்த ஓராவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கிரேக்கச் சொல் ஒன்று ஒரு பக்கம் லத்தீன் வழியாக ஸ்பானிஷுக்குப் போனது, இன்னொரு பக்கம் சமஸ்கிருதத்தில் ஹோராவாகி நம்மிடம் வந்தது. சுக்கிர ஓரையில் புறப்படு என்று பாட்டி சொல்வதை நினைவில் வைத்துக்கொண்டால் ஓராவின் குணம் பாதி பிடிபட்டுவிடும். அது கடிகாரத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய புள்ளி, அல்லது அறுபது நிமிடம் கொண்ட ஒரு துண்டு. 'கே ஓரா எஸ்?' என்றால் மணி என்ன? எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், எத்தனை மணிக்கு ரயில், எல்லாவற்றுக்கும் ஓரா. தமிழில் மணி செய்கிற இரட்டை வேலையை, அதாவது 'மணி மூன்று' என்பதையும் 'மூன்று மணி நேரம்' என்பதையும், அந்த ஒரே சொல் செய்துவிடுகிறது.

இங்கேதான் தமிழும் காலை வாருகிறது. சாப்பிடுகிற நேரம், தூங்குகிற நேரம், கிளம்ப வேண்டிய நேரம் என்று நாம் சொல்வோம், மணி என்று சொல்ல மாட்டோம். ஸ்பானிஷில் அது ஓரா. 'யா எஸ் ஓரா' என்றால் நேரம் வந்துவிட்டது, இனி செய்ய வேண்டியதுதான். ஆக, ஒரு காரியத்துக்கு உரிய நேரம் என்றாலும் ஓராதான் என்று தனியாக ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம் நம் 'நேரமாச்சு, கிளம்பலாம்' இருக்கிறதே, அதில் பாதி உரிய நேரம் வந்துவிட்டது, பாதி தாமதமாகிவிட்டது. ஸ்பானிஷில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைக்க வழியில்லை. முதல் பொருளுக்கு ஓரா, இரண்டாவதற்கு 'தார்தே' என்கிற தாமதச் சொல். எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறோமா, மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறோமா என்பதைப் பொறுத்து.

சொன்ன நேரத்துக்கு வருவதிலும் இப்படி ஒரு வழுக்கல் உண்டு. 'ஆ தியெம்போ' என்று ஒன்று, 'புந்துவால்' என்று ஒன்று. ரயில் கிளம்புவதற்குள் மூச்சு வாங்க ஓடிப்போய் ஏறிவிட்டீர்கள் என்றால் ஆ தியெம்போ, அதாவது காரியம் கெடுவதற்கு முன். ரயிலே 6:40 என்று போட்டு 6:40-க்கு வந்து நின்றால் அது புந்துவால். முதல் சொல்லை இரண்டுக்கும் பேச்சில் பயன்படுத்துகிறார்கள், தவறில்லை. ஆனால் நிறுவனத்தின் விளம்பர வரியில் 'உங்கள் பொருள் சரியான நேரத்துக்கு வரும்' என்று எழுத வேண்டுமானால் நான் புந்துவால் பக்கம் சாய்வேன். கெடுவதற்குள் கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்கிற கடையில் யார் வாங்குவார்கள்?

பேஸ் எளிது என்று தோன்றும். தடவை, முறை, அவ்வளவுதானே. லத்தீன் அமெரிக்காவில் பேஸ், ஸ்பெயினின் பெரும்பகுதியில் கடைசி எழுத்தை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வதால் பேத் மாதிரி கேட்கும், பன்மையில் பேசெஸ். எண்ண முடிகிற 'டைம்' எல்லாம் இது. போன தடவை, முதல் தடவை, வாரத்துக்கு இரண்டு தடவை. ஆங்கிலத்தில் 'லாஸ்ட் டைம்' என்று ஒரு வரி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பேஸ் போடலாம். கடைசி நேரத்தில் என்று நாம் சொல்வோமே, பரீட்சைக்கு முந்தைய ராத்திரி, அது வேறு, அது 'ஆ ஊல்த்திமா ஓரா', மறுபடியும் ஓரா வந்துவிட்டது பாருங்கள்.

தமிழைவிட ஸ்பானிஷ் இங்கே ஒரு படி சோம்பேறி. தடவை வேறு, மடங்கு வேறு என்று நாம் வைத்திருக்கிறோம். அவர்கள் இரண்டுக்கும் பேசெஸ்தான். மூன்று தடவை போனேன், மூன்று மடங்கு பெரிது, இரண்டிலும் 'த்ரெஸ் பேசெஸ்'. ஆனால் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது மட்டும் பேசெஸ் வராது, 'த்ரெஸ் போர் குவாத்ரோ' என்று போர் வந்துவிடும். பிள்ளைகளுக்கான கணக்குச் செயலியில் இதைத் தப்பவிட்டால் மானம் போகும். அப்புறம் இந்தச் சொல் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும்: ஓத்ரா பேஸ் என்றால் மறுபடியும், ஆ பேசெஸ் என்றால் சில சமயம், தால் பேஸ் என்றால் ஒருவேளை, என் பேஸ் தே என்றால் பதிலாக. கதை ஆரம்பிக்கிற இடத்திலும் 'ஏராசே ஊனா பேஸ்' என்று தடவையில்தான் ஆரம்பம். நாம் 'ஒரு ஊர்ல' என்று இடத்தைச் சொல்லித் தொடங்குகிறோம், அவர்கள் ஒரு தடவையில் தொடங்குகிறார்கள். பெரியவர்கள் சொன்ன கதைதானே, எதில் தொடங்கினால் என்ன.

தடவை விஷயத்தில் விளையாட்டில்லாத ஒரு இடம் உண்டு, மருந்துச் சீட்டு. ஒரு தடவை என்பதற்கான ஆங்கிலச் சொல் 'ஒன்ஸ்'. அதே நாலு எழுத்துகளை அதே வரிசையில் எழுதினால் ஸ்பானிஷில் 'ஓன்சே', அதாவது 11. நாளைக்கு ஒரு தடவை என்பதைப் பாதி மொழிபெயர்த்து அந்த ஒரு சொல்லை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டால், ஸ்பானிஷ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய் குழந்தைக்கு 11 என்று படிப்பார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கணினி நிரல் வைத்து ஸ்பானிஷ் லேபிள் அச்சிடும் மருந்துக்கடைகளை ஆராய்ந்து 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. ஏறக்குறைய பாதி லேபிள்களில் பிழை. இந்த ஒன்ஸ் குழப்பத்தையும் அதில் எச்சரித்திருந்தார்கள். அன்றிலிருந்து மருந்து சம்பந்தப்பட்ட வரி என்றால் 'ஊனா பேஸ்' என்று எழுதி, பக்கத்தில் 1 என்று எண்ணையும் போட்டுவிடுகிறேன். அழகாக இல்லை என்று ஒருவர் சொன்னார். இல்லாவிட்டால் போகட்டும்.

ஒரே சமயத்தில் என்பதற்கு இரண்டு தேர்வு: 'ஆல் மீஸ்மோ தியெம்போ', 'ஆ லா பேஸ்'. பொருளில் பெரிய வித்தியாசம் கிடையாது. திரையில் இடம் குறைவென்றால் இரண்டாவது, பேச்சை எழுதுகிறீர்கள் என்றால் எது வாயில் வருகிறதோ அது. இதற்காக யாராவது உங்களோடு சண்டை போட்டால் அவருக்கு வேறு வேலை இல்லை.

ராத்தோ என்று ஒரு குட்டிச் சொல் இருக்கிறது, பாடப் புத்தகங்கள் இதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன, எனக்கோ மிகவும் பிடித்தது. கொஞ்ச நேரம் என்று நாம் சொல்வதுதான் அது. அரை நிமிடமும் இருக்கலாம், ஒன்றரை மணி நேரமும் ஆகலாம், அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்பதற்கு ஆங்கிலத்தின் வழியாகப் போய்க் 'கொஞ்சம் தியெம்போ' என்று எழுதினால் இலக்கணம் சரி, உபசாரம் போய்விடும், ஏதோ வாடகைக்கு விட்ட மாதிரி. 'ஊன் ராத்தோ' என்றால்தான் நாற்காலியை இழுத்துப் போட்ட மாதிரி இருக்கும். மெக்சிகோவில் 'ஆல் ராத்தோ' என்றால் அப்புறம் பார்க்கலாம். எந்த அப்புறம் என்று கேட்கக்கூடாது. நம் 'இதோ வந்துட்டேன்' எவ்வளவு நம்பகமோ அவ்வளவு நம்பகம். அங்கேயே 'அவோரித்தா' என்று இன்னொன்று உண்டு, இப்போதே என்ற சொல்லைச் செல்லமாகச் சுருக்கியது, கேட்டால் உடனே நடக்கும் என்று தோன்றும், நடந்தால் அதிர்ஷ்டம். இந்த இரண்டையும் வங்கிச் செயலியில் போட்டுவிடாதீர்கள்.

மிச்சம் இருப்பவை சுருக்கமாக. அந்தக் காலத்தில் என்றால் எப்போகா. மாம்பழ சீசன், கிரிக்கெட் சீசன் மாதிரி திரும்பத் திரும்ப வருவது தெம்பொராதா. மழைக்காலத்துக்கு இரண்டுமே ஓடுகின்றன, எந்த நாட்டுக்கு எழுதுகிறீர்களோ அந்த நாட்டுச் செய்தித்தாளைப் பார்த்துப் பின்பற்றுவதே வழி. கெடு முடிகிறது, தவணையில் வாங்கினேன், இரண்டுக்கும் ப்ளாசோ. தவணை என்ற தமிழ்ச் சொல் கெடுவுக்கும் பணத்தைப் பிரித்துக் கட்டுவதற்கும் பொருந்துவது போலவே ப்ளாசோவும் பொருந்துகிறது, இதை முதலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. நெரிசல் நேரத்துக்கு ஸ்பெயினில் ஓரா பூந்தா, லத்தீன் அமெரிக்காவின் பெரும்பாலான நாடுகளில் ஓரா பீக்கோ.

'அந்த நேரத்தில்' என்று ஒரு வாக்கியம் வந்தால்தான் உண்மையிலேயே உட்கார்ந்து யோசிப்பேன். தாத்தா கப்பலில் போன நாட்களைப் பற்றி என்றால் எப்போகா. மின்சாரம் போன அந்த நொடி என்றால் மொமெந்தோ. ராத்திரி பதினொன்றுக்கு மேல், கடை சாத்தியிருக்கும் பொழுது என்றால் ஓரா. ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே மாதிரி எழுதியிருக்கும், தமிழிலும் முதலாவதை மட்டும்தான் தனியாகப் பிரிக்க முடிகிறது. முன்னும் பின்னும் இரண்டு வாக்கியம் படிக்காமல் இதற்கு விடை கிடையாது. மொழிபெயர்ப்பு இயந்திரங்களும் இன்று முழுப் பத்தியைக் கொடுத்தால் இதைச் சரியாகவே பிடித்துவிடுகின்றன. ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் என்னைப் போலவே தியெம்போவில் போய் விழுகின்றன.

எந்தச் சொல்லுமே வேண்டாத இடமும் இருக்கிறது. நல்லா பொழுது போச்சு, அதாவது ஆங்கிலத்தில் 'குட் டைம்' என்பார்களே, அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி நல்ல தியெம்போ கிடைத்தது என்று எழுதினால் வெயில் நன்றாக இருந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் சொல்வது 'லா பாசே பியென்', ஸ்பெயினில் 'லோ பாசே பியென்', நன்றாகக் கழித்தேன் என்ற மாதிரி, நேரம் என்ற சொல்லே இல்லை. ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறவரிடம் மட்டும் 'குவாந்தோ தியெம்போ!' என்று ஒரு வியப்பு, பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று நாம் கையைப் பிடிப்பதைப் போல.

அந்தச் செயலியில் கடைசியில் ஓரா என்று திருத்திக் கொடுத்தேன். இப்போதெல்லாம் ஒற்றைச் சொல் வரி வந்தால் அந்தத் திரையின் படத்தை அனுப்புங்கள் என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் அனுப்புகிறார்கள். மீதிப் பேர் அதற்கெல்லாம் டைம் இல்லை, சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்கிறார்கள். அந்த டைம் தியெம்போதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.